படித்ததாகக் கொள்ளப்பட்டது

ஆலடிப்பேரி பேரூராட்சி மன்றத்தின் பதினாறாவது உறுப்பினராக நெடுங்குளம் பதவியேற்ற அன்று, அதற்குப் பொன்னாடை வாங்கி வந்தது நான்தான். புது உறுப்பினர் என்றால் பொன்னாடை போர்த்த வேண்டும். ஆளாக இருந்தால் என்ன, குளமாக இருந்தால் என்ன? குளத்துக்குத் தோள் எங்கே இருக்கிறது என்ற கேள்வி மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது. தலைவர் பரமகுரு, கரையில் புதிதாக நட்டிருந்த இரும்புக் கம்பத்தைக் காட்டினார். ஏணி போட்டு அவரே ஏறி, கம்பத்தின் உச்சியில் இருந்த கறுப்புப் பலகையின் மேல் பொன்னாடையைப் போர்த்தி, காற்றில் பறந்துவிடாமல் இரண்டு முடிச்சும் போட்டார். கைதட்டினோம். படம் எடுத்துக்கொண்டோம்.

அந்தப் பலகை, வெயிலில் இருந்து மின்சாரம் எடுக்கும் தகடு என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு மூன்று மாதம், மூன்று கூட்டம், குளம் வாயே திறக்கவில்லை. மன்றக் கூடத்தில் அதற்கென்று போட்ட நாற்காலியில் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி மட்டும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. “இவர மாதிரி எல்லாரும் இருந்தா நான் நாட்டையே ஆண்டுருவேன்” என்றார் பரமகுரு. நானும் தீர்மானப் புத்தகத்தில் மூன்று தடவையும் எழுதினேன்: ‘பதினாறாவது உறுப்பினர் கலந்துகொண்டார். ஆட்சேபணை ஏதும் தெரிவிக்கவில்லை.’

என் பெயர் உலகம்மாள். பேரூராட்சி அலுவலகத்தில் தலைமை எழுத்தர். செயல் அலுவலர் நாலு ஊருக்கு ஒருவர் என்பதால் எங்கள் ஊருக்கு வருவதே அபூர்வம். ஆக இருபத்தாறு வருஷமாகத் தீர்மானப் புத்தகம் என் கையில். உலகம் எங்கெங்கோ போய்விட்டது, எங்கள் புத்தகம் மட்டும் இன்னும் நீல மையில்தான் இருக்கிறது. மற்ற ஊர்களில் கூட்டம் நடந்து தீர்மானம் எழுதுவார்களாம். எங்கள் ஊரில் தீர்மானத்தை எழுதிவிட்டுக் கூட்டம் நடத்துவோம். முந்தின நாளே ஒவ்வொரு பொருளின் கீழும் ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று முடித்து வைத்துவிடுவேன். மறுநாள் தலைவர் “பொருள் ஒண்ணு” என்பார். உறுப்பினர்கள் “சம்மதம்” என்பார்கள். நான் ஓரத்தில் ‘படித்ததாகக் கொள்ளப்பட்டது’ என்று குறிப்பேன். நாலாவது பொருளின்போது உளுந்த வடை வரும். வடைக்குப் பிறகு வரும் பொருள்களை யாரும் காதில் வாங்கியதில்லை. கையைத் துடைத்தும் துடைக்காமலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். புத்தகத்தில் பாதிப் பக்கம் எண்ணெய்க் கறை.

தெருவிளக்கு வேண்டும், சாக்கடை வேண்டும் என்று மனுக் கொடுப்பவர்களுக்கும் என்னிடம் ஒரே பதில்தான். ‘இந்தப் பொருள் மன்றத்தின் பரிசீலனையில் உள்ளது.’ அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நீர்நிலைகளுக்கும் மன்றத்தில் இடம் உண்டு என்று சட்டம் வந்தபோது நாங்கள் சிரித்துக்கொண்டோம். எல்லா உறுப்பினரையும் போலக் குளத்துக்கும் ஒரு ஓட்டு. அதோடு ஒரு கூடுதல் உரிமை: குளத்தின் இடத்தை மண் கொட்டித் தூர்ப்பதானால் குளமே சம்மதிக்க வேண்டும். சம்மதத்துக்கு அடையாளமாக ‘நெடுங்குளம், பதினாறாவது உறுப்பினர்’ என்று ஒரு ரப்பர் முத்திரை செய்து என் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தோம்.

நாலாம் மாதம் பியூலா வந்தாள். குளங்களுக்குக் கருவி வைத்த துறையின் பொறியாளர், முப்பது வயதுக்குள் இருக்கும். வந்ததும் ஏணியைக் கேட்டு வாங்கி, தானே ஏறி, பொன்னாடையை அவிழ்த்துக்கொண்டு இறங்கினாள்.

“யாருக்கா இதப் போத்துனது?”

“தலைவரு.”

“எதுக்கு?”

“மரியாதைக்கு.”

அவள் பொன்னாடையை மடித்து என் கையில் கொடுத்தாள். அதில் கொக்கு எச்சம் இருந்தது.

“கம்பி தண்ணிக்குள்ள வர போவுதுக்கா. ஆழம், சேறு, மீனு, எத்தன கொக்கு வந்துச்சு, தண்ணி எவ்வளவு வேகமா வத்துது, எல்லாம் அதுக்குத் தெரியும். இப்பப் பாருங்க, நாளைக்கே பேச ஆரம்பிச்சிரும்.”

“பேச எங்க படிச்சிது?”

“உங்க புத்தகத்துலதான். நாப்பது வருஷத் தீர்மானப் புத்தகத்த அனுப்புனியள்ளா? மன்றத்துல பேசணும்னா மன்றத்து மொழி தெரியணுமே.”

நாற்பதில் இருபத்தாறு என் கையெழுத்து.

“எல்லாத்தையுமா படிச்சிது?”

“ஒரு வரி விடாம. எண்ணெய்க் கறை இருந்த எடத்த மட்டும் ‘சந்தேகம்’னு குறிச்சி வச்சிருக்கு” என்று சிரித்தாள். “கரைக்கு உள்ள உள்ளதக் கருவி சொல்லிரும். கரைக்கு வெளிய ஊர்ல என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது. அதுக்கு உங்க புத்தகந்தான் கண்ணு. மன்றப் பதிவத் தவிர வேற எதையும் நம்பக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு.”

குளம் முதன்முதலாகப் பேசியது அந்த மாதக் கூட்டத்தில், சரியாக வடை வந்த நேரத்தில். ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. நிதானமான குரல்.

“தலைவர் அவர்களே. மன்றத் தீர்மானங்களின்படி கடந்த இருபத்தாறு ஆண்டுகளில் நான் ஆறு முறை தூர்வாரப்பட்டிருக்கிறேன். அதன்படி என் ஆழம் இருபத்திரண்டு அடி. கருவியின்படி ஐந்தரை அடி. மீதிப் பதினாறரை அடி எங்கே என்பதை மன்றம் தெரிவிக்கலாம்.”

கூடத்தில் மெல்லும் சத்தம் நின்றுவிட்டது. பரமகுரு தொண்டையைச் செருமினார்.

“குளத்தாரே, அது வந்து... வெயிலு கடுமையா அடிச்சிதுல்லா. ஆவியாப் போயிருக்கும்.”

“தண்ணீர் ஆவியாகும். ஆழம் ஆவியாவதில்லை.”

ஒன்பதாவது வார்டு உறுப்பினர் ஜைனம்பு பேகத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் குனிந்து எழுதுவதுபோல் பாவனை செய்தேன்.

நாலு கூட்டத்தில் குளம் எங்களை அப்படியே உரித்து வைத்தாற்போல் ஆகிவிட்டது. கண்டனம் தெரிவித்தது. விளக்கம் கேட்டது. கேட்ட விளக்கம் கிடைத்ததும் அதற்கு ஒரு விளக்கம் கேட்டது. கொசு ஒழிப்பு என்று தண்ணீரில் கழிவு எண்ணெய் ஊற்றத் தீர்மானம் வந்தபோது, “இதனைக் கண்டித்து வெளிநடப்புச் செய்கிறேன்” என்று அறிவித்துவிட்டு நிசப்தமாகிவிட்டது.

பரமகுரு எழுந்து வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். “பெட்டி இங்கனதானே இருக்கு? எங்க வெளிய போச்சு?”

“நம்ம வளத்த வளப்பு அப்படி” என்றார் ஜைனம்பு பேகம்.

இந்த நிலையில்தான் பரமகுரு எழில் பூங்காவைக் கொண்டுவந்தார். குளத்தின் கிழக்குப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கைத் தூர்த்துப் பூங்கா கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. சிமென்ட் நடைபாதை, வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் டைனோசர், அதன் நாக்கில் பிள்ளைகள் சறுக்கி விளையாட வசதி, ‘நான் ஆலடிப்பேரியை நேசிக்கிறேன்’ என்று ஆள் உயர எழுத்து. எல்லாவற்றுக்கும் நடுவே அன்னப்படகு விட ஒரு தொட்டி.

“குளத்தத் தூத்துட்டு அதுல தொட்டி கட்டப் போறியளா?” என்று ஜைனம்பு பேகம் கேட்டார்.

“தொட்டித் தண்ணி நீலமா இருக்கும்மா. இது பச்சயால்லா கெடக்கு!”

பரமகுரு கெட்டவர் இல்லை. இதை நான் எங்கும் சொல்வேன். பக்கத்து ஊரில் டைனோசர் இருக்கிறது, நம் ஊரில் இல்லை என்பது அவருக்கு உண்மையாகவே வலித்தது. டைனோசரைச் சம்மதம் வாங்கும் முன்னாலேயே வாங்கிவிட்டார். அது அலுவலகத்துப் பின்பக்கம் பாலித்தீன் சுற்றி நின்றது. குளத்தை மசிய வைக்க மாலையோடு கரைக்குப் போய்ப் பேசினார். பூங்காவுக்கு ‘நெடுங்குளம் எழில் பூங்கா’ என்று குளத்தின் பேரையே வைப்பதாக வாக்குக் கொடுத்தார். எப்படியும் ஆறு மாதம் இழுபறியாகும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஆவணிக் கூட்டத்தில் குளம் ஒரே பேச்சில் சம்மதித்துவிட்டது.

“பொருள் ஏழு குறித்து. நிரம்பிய குளத்தின் உபரி நீர் வெளியேற மறுகால் வேண்டும். எனக்கு மறுகால் இல்லை. அப்படி ஒன்று இல்லை என்று பதினான்கு ஆண்டுகளுக்கு முன் மன்றமே பதிவு செய்துள்ளது. இதுவரை மழை குறைவு, நான் நிரம்பவில்லை. மறுகால் இல்லாத குளம் நிரம்பினால் கரை உடையும். கரைக்குக் கீழே நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள் உள்ளன. எனவே நான் சிறிதாக இருப்பதே ஊருக்கு நல்லது. கிழக்குப் பகுதியைத் தூர்த்துக்கொள்ளலாம். எனக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலையும் அடைத்துவிடலாம். கொள்கை அளவில் சம்மதம்.”

மேஜையைத் தட்டிய தட்டில் காபி டம்ளர்கள் ஆடின. பரமகுரு பெட்டியைக் கட்டிப்பிடித்தார். அடுத்த கூட்டத்தில் இறுதித் தீர்மானம், முத்திரை குத்தினால் முடிந்தது.

நான் மட்டும் தட்டவில்லை.

நெடுங்குளத்துக்கு மறுகால் உண்டு. கிழக்குக் கரையில் உபரித் தண்ணீர் வழியும் கலிங்கு இருந்தது. அதிலிருந்து ஓர் ஓடை இறங்கி ஊருக்கு வெளியே போனது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் அந்த ஓடையில் பதினோரு மனை போட்டார்கள். அதற்கு மன்றத்தில் ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. ‘மறுகால் ஓடை என்று கூறப்படும் இடம் நெடுங்காலமாகத் தெருவாகவே புழங்கி வருகிறது. அங்கு ஓடை ஏதும் இல்லை.’ இது நான் எழுதியது. வடைக்குப் பிறகு வந்த பொருள். கலிங்கின் வாயைச் சுவர் வைத்து அடைத்து, சுவரில் விளம்பரமும் எழுதியாயிற்று. பதினோரு மனையில் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. தெருவுக்குப் பாரிஜாத நகர் என்று பெயர். பாரிஜாதம் கிடையாது, தூறல் போட்டால் தவளை உண்டு.

கூட்டம் முடிந்து பியூலா என் மேஜைக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

“எதுக்குக்கா ஒத்துக்கிட்டுது? வரத்துக்காலையும் அடைச்சா ரெண்டு கோடையில அது செத்துரும். ஊர்க் கெணறும் அதோட போச்சு. மறுகால் இல்லாமக் குளம் வெட்டுவாங்களா யாராவது? கரையச் சுத்தி நடந்து பாத்தேன். கெழக்க ஒரு செவுரு நிக்கி. அதுக்கு நேர் பின்னால உங்க தெரு.”

“அப்படியா” என்றேன்.

“நான் சொன்னா அது கேக்காது. மன்றப் புத்தகத்துல ஒத்த வரி இருந்தா உடனே நம்பிரும்.” பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை வேலைக்குக் கரை வழியாகப் போனேன். வழக்கமாகப் போகிற வழிதான். கம்பத்தைத் தாண்டும்போது அதில் கட்டியிருந்த ஒலிபெருக்கியிலிருந்து குரல் வந்தது.

“எழுத்தர் அவர்களே. ஒரு வேண்டுகோள்.”

“சொல்லுங்க.”

“தூர்க்கும் பணி எப்போது தொடங்கும்? கிழக்கு ஓரத்தில் ஒரு நீர்க்கோழி அடைகாக்கிறது. இருபது நாள் பொறுக்க மன்றம் ஆவன செய்யுமா? குஞ்சு பொரித்த பின் எனக்கு ஆட்சேபணை இல்லை.”

நான் வேகமாக நடந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, சொல்லி மாளாத வெட்கம். என் பொய்யை நம்பி ஒரு குளம் சாகத் தயாராகி, கோழிக்குஞ்சுக்காக இருபது நாள் தவணை கேட்கிறது. அலுவலகம் போய் இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தேன். அதுவும் அந்தக் குளத்து ஊற்றுதான்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கொம்பையா முற்றத்தில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் ஒரு தடவைக்கு மேல் எதையும் கேட்க மாட்டார்.

“இங்கேருங்க. இந்த வீட்ட விட்டுப் போவச் சொன்னா போவியளா?”

“யாரு சொல்லுதா?”

“நாந்தான்.”

துரட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் முருங்கைக்காயை எண்ணிக்கொண்டிருந்தார்.

“அஸ்திவாரம் தோண்டும்போதே நத்த ஓடும் ஆத்து மணலுமா வந்துச்சு. நான் கேட்டேம்லா? நீ ‘இருக்கும்’னு சொன்ன.”

“சொன்னேன்.”

“சரி, நம்ம வீடு நம்ம பாடு. மத்த பத்து வீட்டுக்காரங்க?”

“மாட்டுச்சந்தைத் திடல்ல வீடு கட்டிச் சாவியக் கையில குடுத்த பெறவுதான் ஒரு செங்கலத் தொடலாம்னு எழுதுவேன்.”

“எழுதுனா நடந்துருமாக்கும்?”

“இந்த ஊர்ல எழுதுனது மட்டுந்தான் நடந்திருக்கு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “முருங்கய என்ன செய்ய?”

“கொம்ப வெட்டி நட்டா எங்கயும் தழைக்கும்.”

“நீ பேசுவ” என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்ட வேலையைப் பார்க்க எழுந்தார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்து வீட்டுக்காரர்களிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நடந்திருக்காது. கேட்டிருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

கூட்டத்துக்கு முந்தின நாள் வழக்கம்போல் நீல மையில் எழுதினேன். ‘பொருள் ஏழு: நெடுங்குளம் கிழக்குப் பகுதியும் அதனைச் சார்ந்த பணிகளும்.’ தலைப்பு அதே தலைப்புதான். கீழே எழுதியதுதான் வேறு. நெடுங்குளத்துக்கு மறுகால் உண்டு. பதினாலு வருஷத்துக்கு முந்தைய தீர்மானத்தில் ஓடை இல்லை என்று எழுத்தர் தெரிந்தே தவறாகப் பதிவு செய்தார். அந்தத் தீர்மானம் ரத்து செய்யப்படுகிறது. கலிங்குச் சுவர் அகற்றப்படும். ஓடையில் உள்ள பதினோரு வீடுகளுக்கும், மாற்று வீட்டுச் சாவி கொடுத்த பிறகு, இடம் மீட்கப்படும். அவற்றுள் கதவு எண் ஏழு எழுத்தரின் சொந்த வீடு. குளத்தின் எந்தப் பகுதியும் தூர்க்கப்படாது. பூங்கா மாட்டுச்சந்தைத் திடலில் அமையும்.

‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று முடித்தேன். விதிப்படி பக்கத்தைப் படம் பிடித்துப் பதினாறு உறுப்பினர்களுக்கும் அனுப்பினேன். பதினைந்து பேர் திறந்துகூடப் பார்க்கவில்லை. பதினாறாவது உறுப்பினர் அரை நொடியில் படித்ததாகத் திரையில் குறிப்பு வந்தது. எந்தப் பதிலும் வரவில்லை.

மறுநாள் கூட்டம். வடை வந்தது, போனது. பரமகுரு ஏழாவது பொருளுக்காகவே புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்.

“பொருள் ஏழு. நம்ம கொளம், கெழக்குப் பகுதி. எல்லாரும் சம்மதந்தானே?”

“சம்மதம், சம்மதம்.”

“பதினாறாவது உறுப்பினர் எதிர்ப்புத் தெரிவிக்கிறார்” என்றது பெட்டி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுதிய தாளில் குளத்துக்குக் கெடுதலாக ஒரு சொல் கிடையாதே! பரமகுரு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“குளத்தாரே, போன மாசம் நீங்கதான சம்மதம்னு சொன்னிய?”

“போன மாதத் தீர்மானம் வேறு. இந்தத் தீர்மானத்தை எதிர்க்கிறேன்.”

“என்ன வேற? காரணத்தச் சொல்லும்.”

“உறுப்பினர் காரணத்தைப் பதிவு செய்ய விரும்பவில்லை.”

அதுவும் என் புத்தகத்து வாக்கியம்தான். பரமகுருவுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். “எக்கா, குளத்தாரு எதுத்தா நிறைவேத்த முடியாதோ?”

நான் எழுதியதையே பார்த்துக்கொண்டு சொன்னேன். “இந்தத் தீர்மானத்துக்குப் பெரும்பான்மை போதும், தலைவரே.”

ஒவ்வொரு சொல்லும் சத்தியம். தூர்க்கத்தான் குளத்தின் சம்மதம் வேண்டும். இதில் தூர்ப்பது எதுவும் இல்லை.

அதன் பிறகு பரமகுரு பேசினாரே ஒரு பேச்சு, அப்படி அவர் தேர்தலில்கூடப் பேசியதில்லை. இந்த ஊர் ஒரு குளத்துக்குப் பயந்தா வாழுவது? நேற்று வந்த பெட்டி நம்மை ஆள்வதா? வருங்காலச் சந்ததி நம்மைக் காறித் துப்பாதா? எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கே ரோஷம் வந்துவிட்டது. “கையத் தூக்குங்கவே!” என்றார் தலைவர். பதினைந்து கை எழுந்தது. ஜைனம்பு பேகம் மட்டும் கையைத் தூக்கியபடியே என் முகத்தைப் பார்த்தார். அவர் அன்றைக்குப் புத்தகத்தைப் படித்திருந்தாரா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

பதினைந்துக்கு ஒன்று. ‘ஏகமனதாக’ என்ற சொல்லை அடித்துவிட்டு, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ‘பெரும்பான்மையாக’ என்று எழுதினேன். எழுத்துக் கோணலாக வந்தது. பதினைந்து பேரும் வெற்றிக் களிப்போடு கையெழுத்துப் போட்டார்கள். முத்திரைக்கு வேலையே இல்லை.

பத்து நாள் கழித்து மாவட்டத்திலிருந்து பரமகுருவுக்கு வாழ்த்துச் செய்தி வந்தது. யாரும் கேளாமலே மறுகாலை மீட்டெடுக்கத் தீர்மானம் போட்ட முதல் பேரூராட்சி என்று. தாளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு ஓடிவந்தார்.

“எக்கா, என்னத்தக்கா எழுதி வச்சிய?”

“நீங்க பேசித்தான நிறைவேறிச்சு, தலைவரே.”

“நான் படிக்கலக்கா!”

“அப்ப அத எழுதிக் குடுங்க, ரத்து பண்ணிரலாம். ‘படிக்காமக் கையெழுத்துப் போட்டேன்’னு. என்ன, நீங்க வந்த பெறவு போட்ட எல்லாத் தீர்மானத்தையும் சேத்து ரத்து பண்ணச் சொல்லுவாங்க.”

நின்றபடியே யோசித்தார். அந்த நேரம் பார்த்து அவர் கைபேசி அடித்தது. மாவட்ட விழாவில் பொன்னாடை போர்த்துகிறார்களாம், எந்த அளவுச் சட்டை போடுவார் என்று கேட்டார்கள், பரிசாகச் சட்டையும் உண்டாம். பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “டைனோசரத் திடல்லயே நிப்பாட்டிருவோமா?” என்று கேட்டார்.

எனக்குத் தவறான பதிவுக்காக மெமோ கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன், அது நியாயம். அடுத்த வருஷம் திடலில் வீடுகள் எழும்பின. சாவியும் கைக்கு வந்தது. பாரிஜாத நகர்க்காரர்களில் நாலு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. எதிர்வீட்டுக்காரி சாமான் ஏற்றிப் போகிற அன்று என் வாசலில் வந்து நின்று, “நல்லா இருப்பிய” என்று மட்டும் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்பது எனக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டை இடிக்கும்போது கொம்பையா பார்க்க வரவில்லை. முருங்கைக் கொம்பை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு முன்னாலேயே போய்விட்டார். அது இப்போது டைனோசரின் வாலுக்குப் பக்கத்தில் தழைத்து நிற்கிறது.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு நெடுங்குளம் நிரம்பி மறுகால் போனது. ஊரே குடையோடு கரையில் நின்றது. கலிங்கில் வழிந்த தண்ணீர், போகவேண்டிய வழியை யாரும் சொல்லித் தராமலே கண்டுபிடித்துப் போயிற்று. எங்கள் அடுக்களைத் தரையில் பதித்த மஞ்சள் ஓடு நாலைந்து மிச்சம் கிடந்தது. அதன் மேலும் தண்ணீர் ஓடியது. நான் ஆசையாகத் தேர்ந்தெடுத்த ஓடு அது. அழுகை வந்தது, அழுதேன். கரைக்குக் கீழே நானூற்றுச் சொச்சம் வீட்டிலும் அன்றைக்கு உலை கொதித்தது என்பது அழுது முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

கூட்டம் கலைந்ததும் கம்பத்தடிக்குப் போனேன். மூன்று மாதத்தில் எனக்கு ஓய்வு. அதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று வைத்திருந்த கேள்வி அது.

“குளத்தாரே. அன்னிக்கு எதுக்கு எதுத்திய?”

குடையை மடக்கிவிட்டுக் கம்பத்தை இன்னும் நெருங்கினேன்.

“என் வீடு போவுதேன்னா? அப்படின்னா நெஜமாச் சொல்லுதேன், உங்க ஒருத்தருக்குத்தான் அது தோணிச்சு. இல்ல, நீங்க எதுத்தா தலைவரு வீம்புக்காவது நிறைவேத்துவாருன்னு தெரிஞ்சு எதுத்தியளா?”

நீர்க்கோழி ஒன்று தன் குஞ்சுகளோடு கம்பத்தைச் சுற்றிக்கொண்டு போனது. பிறகு குளம் அதே நிதானமான குரலில் சொன்னது.

“இந்தப் பொருள் மன்றத்தின் பரிசீலனையில் உள்ளது.”

நடுக்கரையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். குடை பிடித்துப் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, என் அடுக்களை வழியாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீரில் இறங்கி, புது வீட்டைப் பார்க்க நடந்தேன்.